'தொடாதே' பலகை போதுமா?

(இரண்டாமாண்டு மாணவி, கணிப்பொறித் துறை)



நம் கம்ப்யூட்டர் லேபுக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. 'டோன்ட் டச் தி ஸ்க்ரீன்' என்று ஆங்கிலத்தில், சிவப்பு எழுத்தில். அந்தப் பலகைக்கு நேர் கீழே இருக்கும் மானிட்டரை என்றைக்காவது அணைத்து வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பாருங்கள். பத்து விரலும் பதிந்த ரேகை, பால்பாயின்ட் பேனா புள்ளி, ஓரத்தில் போன ஆயுத பூஜையின் சந்தனம், நடுவில் ஈ உட்கார்ந்து எழுந்த அடையாளம். தொடாதே என்று எழுதிய இடத்தில்தான் எல்லோரும் தொட்டிருக்கிறார்கள்!

அட, மலரில் எழுத வேறு விஷயமே கிடைக்கலையான்னு கேக்கறீங்களா? பக்கத்துப் பக்கங்களில் நண்பர்கள் செயற்கை நுண்ணறிவு பற்றியும் செயற்கைக்கோள் பற்றியும் எழுதியிருப்பார்கள். எழுதட்டும். அதையெல்லாம் நாம் படிக்கப்போவது இந்த அழுக்குத் திரை வழியாகத்தான். சி புரோகிராமில் ஒரு முக்காற்புள்ளியைத் தேடி முக்கால் மணி நேரம் போராடிய கதை நம்மில் எத்தனை பேருக்கு இல்லை? எங்கள் வகுப்பில் ஒருத்தி தேடியது கடைசியில் ஈயின் எச்சம்! நகத்தால் சுரண்டியதும் எரர் போகவில்லை, ஆனால் அரைப்புள்ளி போய்விட்டது.

சிரிப்பு இருக்கட்டும். அந்த நகம்தான் என் கட்டுரை.

நமக்கு மானிட்டரைத் துடைக்கத் தெரியாது. இதை மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ரேமைக் கழற்றி மாட்டத் தெரியும், எஸ்.எம்.பி.எஸ். வோல்டேஜ் பார்க்கத் தெரியும், ஆர்.ஜே. 45 கிரிம்ப் பண்ணத் தெரியும். திரையில் கறை என்றால் மட்டும் சட்டைக் கையை இழுத்துத் தேய்க்கிறோம். இல்லையென்றால் வாயால் ஊதுகிறோம். அதில் பாதி எச்சில். இதுவரை நான் எழுதிய ரெக்கார்டு நோட்டுகளில் இதற்கென்று ஒரு எக்ஸ்பரிமென்ட் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லும் யோசனையோ எல்லாம் பழைய காலத்து யோசனை. "ஸ்பிரிட் போட்டுத் துடை, பளிச்னு ஆயிடும்" என்பார்கள். "பேப்பரை நனைச்சுத் தேய்" என்பார்கள்.

அந்த யோசனை ஒரு காலத்தில் பொய்யில்லை. ஸ்டோர் ரூமில் மூலையில் கிடக்கிற பெட்டி மானிட்டரைப் பாருங்கள். அதன் முன்பக்கம் கெட்டியான கண்ணாடி. உள்ளே சுமார் 25,000 வோல்ட் வரை வேலை செய்ததால் திரையில் நிலைமின்சாரம் சேர்ந்து, ஊர்த் தூசியை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். கிட்டே கை கொண்டுபோனால் ரோமம் எழும்பும் என்று சீனியர் சார் சொல்லுவார். அந்தக் கண்ணாடியை ஜன்னலைத் துடைப்பது மாதிரித் துடைத்தாலும் பெரும்பாலும் தாங்கியது. (அதிலும் பூச்சு உள்ள மாடல்கள் தாங்காது, அது வேறு கதை.)

இப்போது நம் மேஜையில் இருப்பது எல்.சி.டி. இதன் முகப்பு பெரும்பாலும் கண்ணாடியே இல்லை! கண்ணாடி உள்ளே இருக்கிறது. அதன்மேல் ஒட்டியிருப்பது போலரைசர் என்னும் பிளாஸ்டிக் படலம். பாலிவினைல் ஆல்கஹால் தாளை இழுத்து நீட்டி, அயோடின் ஏற்றி, இரண்டு பக்கமும் செல்லுலோஸ் வகைப் படலத்தால் மூடிச் செய்கிறார்கள். எட்வின் லேண்ட் என்ற அமெரிக்கர் 1930-களின் கடைசியில் கண்டுபிடித்த வழிதான் இன்றைக்கும். ஆம், காயத்துக்குப் போடுகிறோமே, அதே அயோடின்! இந்தப் படலம் இல்லாவிட்டால் திரையில் படமே தெரியாது, வெறும் வெள்ளை வெளிச்சம்தான். அதற்கும் மேலே, ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் இருக்கச் சொரசொரப்பான ஒரு மெல்லிய பூச்சு.

இந்தப் பூச்சு எவ்வளவு கடினம் என்று தெரியுமா? மானிட்டர் விவரத் தாளில் 'ஆன்டி கிளேர், 3ஹெச்' என்று போட்டிருக்கும். சிலவற்றில் 2ஹெச். என்னவோ பெரிய அலகு என்று நினைத்திருந்தேன். விசாரித்தால், நாம் டிராயிங் வகுப்பில் சீவிச் சீவி வைத்துக்கொள்கிறோமே, அதே பென்சில்! பென்சிலை 45 டிகிரி சாய்த்து, 750 கிராம் எடையோடு பூச்சின்மேல் தள்ளுவார்கள். எந்தப் பென்சில் வரைக்கும் கீறல் விழவில்லையோ அதுதான் அதன் கடினம். அப்படியென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பென்சிலோடு போட்டி போடுகிற ஒரு பூச்சின்மேல், செருப்பு மிதித்த தரையில் விழுந்து எழுந்த துணியைத் தேய்க்கிறோம். தரை மணலில் இருப்பது குவார்ட்ஸ். மோஸ் அளவில் அது 7. சாதாரணக் கண்ணாடியே 5.5 தான். கண்ணாடியைக் கீறுகிற மணல் பிளாஸ்டிக்கை விடுமா?

மெக்கானிக்கல் நண்பர்கள் கோபிக்காமல் கேட்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பிலிருந்து பனியன் வேஸ்ட் எடுத்து வந்து திரை துடைக்கிற பழக்கம் நம் லேபில் இருக்கிறது. திருப்பூர் பனியன் துணி மெத்தென்றுதான் இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு வாரம் கிடந்த துணியில் அரம் தேய்த்த இரும்புத்தூள் இருக்காதா? திரையில் வளைவு வளைவாகக் கீறல் எங்கிருந்து வந்தது என்று இனிமேல் கேட்காதீர்கள்.

சானிடைசர் கதை இன்னொன்று. 2020-இல் கொரோனா வந்தபோது லேபுக்கு லேப் பாட்டில் வைத்தார்கள். கைக்கு நல்லது திரைக்கும் நல்லது என்று அதையே பீய்ச்சித் துடைக்கும் பழக்கம் அப்போது பல இடங்களில் ஒட்டிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் கொடுத்த கலவையில் 80 சதவீதம் எத்தனால், இல்லையென்றால் 75 சதவீதம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அதோடு கை வறண்டுபோகாமல் இருக்க 1.45 சதவீதம் கிளிசரால். அந்தக் கிளிசரால் திரையில் ஆவியாகிப் போகாது. பிசுக்காக நிற்கும், அதன்மேல் தூசி குடியேறும். வெறும் ஆல்கஹாலைப் பற்றி மானிட்டர் கம்பெனிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சிலர் தண்ணீர் கலந்து கொஞ்சமாகத் தொட்டுத் துடைக்கலாம் என்கிறார்கள், சிலர் கூடவே கூடாது என்கிறார்கள். அதனால் அந்தந்த மாடலின் கையேட்டைப் பார்க்காமல் தொடக் கூடாது என்பது என் கட்சி. அமோனியா கலந்த ஜன்னல் திரவம், தின்னர், பெட்ரோல் இவற்றுக்கு அந்தச் சந்தேகமே வேண்டாம், கூடாது. அசிட்டோன் பட்டால் திரையைச் சுற்றியிருக்கும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் சட்டமே இளகிவிடும். டூத் பேஸ்ட் தேய்த்தால் கீறல் போகும் என்பதும் நம்பக் கூடியதல்ல. பேஸ்ட்டே ஒரு தேய்ப்புப் பொருள்தானே?

நிற்க. இவ்வளவும் சொல்லக் காரணம் ஒன்று இருக்கிறது.

போன விடுமுறையில் இன்-பிளான்ட் டிரெய்னிங்குக்காக ஒரு அலுவலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே காலையில் பெருக்கித் துடைக்கும் ஓர் அக்கா. ஒப்பந்தத்தில் வேலை. யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று, "கம்ப்யூட்டரெல்லாம் பளிச்னு இருக்கணும்" என்று மேற்பார்வையாளர் சொல்லி, நீல நிறத் திரவப் பாட்டிலையும் ஒரு பழைய துண்டையும் கையில் கொடுத்தார். "இதுல தொடைக்கலாங்களா சார்?" என்று அந்த அக்கா கேட்டது என் காதில் விழுந்தது. "கண்ணாடிதானே, தொடைம்மா" என்றார் அவர். நான் பயிற்சிக்கு வந்த முதல் வாரம். எனக்கும் அன்றைக்கு விவரம் தெரியாது.

மூன்று மானிட்டர் போயிற்று. இரண்டு பனி மூடியது மாதிரி மங்கின. மூன்றாவதில் கீழிருந்து மேலாகக் கோடுகள். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. திரையின் மேலேயே பீய்ச்சினால் திரவம் வழிந்து கீழ்ச்சட்டத்தின் இடுக்குக்குள் இறங்கும். திரைக்குச் சிக்னல் கொண்டுபோகிற மெல்லிய இணைப்புகளும் சர்க்யூட்டும் திரையின் ஓரத்தில்தான் இருக்கின்றன. மின்சாரமும் ஓடிக்கொண்டிருந்தால் கேட்க வேண்டுமா?

அந்த அக்காவின் சம்பளத்தில் மாதம் 500 ரூபாய் வீதம் நான்கு மாதம் பிடிப்பதாக முடிவு செய்தார்கள். பாட்டிலைக் கொடுத்தவரிடம் யாரும் ஒரு பைசா கேட்கவில்லை. பொருளுக்கு நேர்ந்த நஷ்டத்துக்குச் சம்பளத்தில் கை வைப்பதென்றால் முதலில் அந்தத் தொழிலாளியிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்று 1936-ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அங்கே விளக்கம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அக்கா சொல்லியிருப்பார்: நான்தான் முதலிலேயே கேட்டேனே என்று.

நம் லேபுக்கும் இன்ஸ்பெக்‌ஷன் வரும். அப்போது நமக்கும் இப்படி ஓர் அக்கா வந்து துடைப்பார். நம் சுவரில் தொங்குகிற பலகை ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்த அக்காவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். ஆங்கிலம் தெரியாது. தெரிந்தாலும் என்ன? தொடாதே என்றுதான் இருக்கிறதே தவிர, தொட வேண்டி வந்தால் எப்படித் தொடுவது என்று அதில் ஒரு வரி இல்லையே!

ஆகவே என் கருத்து இது. திரை துடைப்பது லேபில் உட்கார்ந்து வேலை செய்கிற நம்முடைய பொறுப்பு. அதை நாம் முறையாகக் கற்றுக்கொண்டு நாமே செய்ய வேண்டும்.

இதை ஹாஸ்டலில் பேசியபோது ஒரு தோழி கேட்டாள், "டிப்ளமோ படிக்க வந்தது தொடைக்கிறதுக்கா?" நியாயமான கேள்விதான். அவளைவிட எங்கள் அம்மா அதிகமாகக் கேட்பார். அம்மா இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைக்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளியைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். "இந்தத் துணி என்னோட போகட்டும், நீ பிடிக்க வேணாம்" என்று சொல்லித்தான் என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார். நான் இப்படிக் கட்டுரை எழுதுகிறேன் என்றதும், "அங்கயும் போயி துணியா?" என்று ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? லேத் மெஷினைச் சொன்னேன். மெக்கானிக்கல் மாணவர்கள் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பிரஷ்ஷால் சுருளைத் தள்ளி, பெட்டைத் துடைத்து, எண்ணெய் விட்டுத்தான் வெளியே வருகிறார்கள். துடைக்காமல் போனால் இன்ஸ்ட்ரக்டர் திரும்பக் கூப்பிடுவார். அதை யாராவது கேவலம் என்கிறார்களா? மெஷின் தெரிந்தவன் செய்கிற வேலை என்கிறார்கள். அப்படியிருக்க, அதே துடைப்பதை கம்ப்யூட்டர் லேபில் மட்டும் ஏன் தெரியாதவர் தலையில் கட்டிவிட்டு, கெட்டுப்போனால் பணத்தையும் பிடிக்கிறோம்? அம்மா ரொம்ப நேரம் யோசித்தார். "நான் போற வீட்ல டி.வி.யை மட்டும் தொடாதேன்னு சொல்லிருக்காங்க. எப்படித் தொடைக்கணும்னு சொல்லிக் கொடுத்தா நானும் தொடைப்பேன்ல" என்றார். சம்மதமா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைத்தான் இந்தக் கட்டுரையில் நான் இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, எப்படித் தொடுவது? பெரிய வித்தை இல்லை. முதலில் மானிட்டரை அணைத்து, சுவிட்சையும் அணைக்க வேண்டும். ஐந்து பத்து நிமிடம் ஆறட்டும். சூடான திரையில் ஈரம் சட்டென்று காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். அதோடு கறுப்பாக இருந்தால்தான் அழுக்கும் தெரியும். பிறகு உலர்ந்த துணியால் தூசியை மட்டும் தட்டாமல், அழுத்தாமல் தள்ளி எடுக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு நேராக ஈரத்துக்குப் போகிறார்கள். தூசி சேறாகி உப்புக்காகிதம் மாதிரி தேய்க்கும். தூசி போனாலே பாதித் திரை சுத்தம். மிச்சத்துக்குத்தான் தண்ணீர். தண்ணீரைத் துணியில் தொட வேண்டும், திரையில் அல்ல. பிழிந்தால் ஒரு சொட்டும் விழாத அளவுக்கு ஈரம் போதும். ஒரு கை மானிட்டரின் முதுகைத் தாங்கட்டும். இல்லாவிட்டால் ஸ்டாண்டு பின்னால் சாயும், நாம் இன்னும் அழுத்துவோம். மேலிருந்து கீழாக லேசாக இழுத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சுவிட்ச்.

அழுத்தாதே, அழுத்தாதே என்று நூறு தடவை சொன்னாலும் தகும். உள்ளே திரவப் படிகம் நிற்கிற இடைவெளி 3 முதல் 5 மைக்ரான்தான். நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கட்டை விரலால் அமுக்கினால் அந்த இடம் நிறம் மாறி அலைகிறதே, அது அந்த இடைவெளி நசுங்குவது. கெட்டியான கறை என்றால், ஈரத் துணியை அதன்மேல் அரை நிமிடம் மெதுவாக வைத்திருங்கள். ஊறினால் தானே வரும். சாதம் ஒட்டிய பாத்திரத்தை ஊறப்போடாமல் சுரண்டுகிறவர் யார்?

எந்தத் தண்ணீர் என்பதையும் பார்க்க வேண்டும். நம் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஹாஸ்டல் பக்கெட்டில் படிகிற அதே வெள்ளை உப்பு திரையிலும் படியும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் பாட்டில் எந்த ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். கடையில் கேட்கும்போது டிஸ்டில்டு வாட்டர் என்று தெளிவாகக் கேளுங்கள். பேட்டரி ஆசிட்டைத் தூக்கிக் கொடுத்துவிடப் போகிறார்கள்!

துணிக்கு மைக்ரோ ஃபைபர். பாலியெஸ்டரையும் நைலான் வகையையும் முடியைவிடப் பல மடங்கு மெலிதாகப் பிளந்த இழை. எண்ணெய்ப் பிசுக்கைத் தானே கவ்விக்கொள்ளும். ஐம்பது, அறுபது ரூபாய்க்குள் கிடைக்கிறது. 2021-இல் ஆப்பிள் கம்பெனி திரை துடைக்கும் துணி ஒன்றை 1,900 ரூபாய்க்கு விற்பனைக்கு விட்டது. அந்த விலைக்கு அம்மாவுக்கு ஒரு நல்ல சேலை வாங்கலாம். நமக்கு அது வேண்டாம். சோப்பு நீரில் அலசி, துணி மணக்கப் போடுகிற திரவம் எதுவும் கலக்காமல், நிழலில் உலர்த்தி, மூடிய கவரில் வைத்தால் போதும். கீழே விழுந்தால் துவைக்காமல் திரும்பத் தொடக் கூடாது.

ஆயுத பூஜையைப் பற்றி ஒரு வார்த்தை. சாமி விஷயத்தில் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பூஜைக்கு முதல் நாள் கோலம் போட்டதே நாங்கள்தான். ஆனால் திரையின் நடுநெற்றியில் சந்தனம் குழைத்து வைத்து, அது காய்ந்து, மறுநாள் ஸ்கேலால் பெயர்க்கிறோம். மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஏறினால் லேசில் போகாது. ஸ்டாண்டிலோ பின்பக்கத்திலோ பொட்டு வைத்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அதேபோல, "சார், இங்க எரர்" என்று பேனா முனையால் திரையைக் குத்திக் காட்டுவதையும் விட வேண்டும். சார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மன்னிக்கவும். மவுஸ் அம்புக்குறி எதற்கு இருக்கிறது? கேன்டீனில் பஜ்ஜி சாப்பிட்ட கையை லேபுக்கு வெளியேயே கழுவிவிட்டு வந்தால் துணிக்கும் வேலை குறையும்.

மாணவர் மன்றப் பொறுப்பாளர்களிடம் என் வேண்டுகோள்: மன்ற நிதியில் இருபது துணி, இரண்டு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர், ஒரு சார்ட் அட்டை. எல்லாம் சேர்ந்து 1,500 ரூபாய்க்குள் அடங்கும். விளையாட்டு விழாவுக்குப் பேனர் கட்டிய செலவைவிடக் குறைவு. மாதக் கடைசிச் சனிக்கிழமை லேபில் கடைசி இருபது நிமிடத்தை ஹெச்.ஓ.டி. மேடத்திடம் கேட்டு வாங்குவோம். அவரவர் உட்காரும் மானிட்டரை அவரவர் துடைப்போம். சார்ட்டைத் தமிழில் எழுத வேண்டும்; என் கையெழுத்து சுமார்தான், சிவில் துறையில் நல்ல கையெழுத்துள்ளவர்கள் இருக்கிறார்கள். அதைத் தொங்கவிடும் அன்றைக்கு, பெருக்க வரும் அக்காவையும் கூப்பிட்டு நிறுத்தி ஒரு தடவை செய்து காட்டுவோம். அவர் வேலை என்பதற்காக அல்ல. யாராவது பாட்டிலை நீட்டினால், "இது ஆகாது சார்" என்று சொல்ல அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

துணி துவைக்கிற முறை மட்டும் இன்னும் முடிவாகவில்லை. முதல் மாதம் நான் துவைக்கிறேன். இரண்டாம் மாதத்துக்கு ஒரு பையன் பெயர் வேண்டும்.